14-ஆம் ஆடுகளத்தில் ஒரு பந்து: பிரெஞ்சு ஓபன் 2023 மகளிர் இரட்டையர் தகுதிநீக்கம் – நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ், ரோலண்ட் காரோஸ் வளாகம். பிரெஞ்சு ஓபன் மகளிர் இரட்டையர் மூன்றாம் சுற்று. போட்டித் தரவரிசையில் 16-ஆம் இடம் பெற்றிருந்த ஜப்பானின் மியு காட்டோ, இந்தோனேசியாவின் அல்டிலா சுட்ஜியாடி இணை ஒருபுறம். எதிரே செக் நாட்டின் மேரி பௌஸ்கோவா, ஸ்பெயினின் சாரா சொரிபெஸ் தோர்மோ இணை. முதல் செட்டை பௌஸ்கோவா இணை டை பிரேக்கரில் 7-6 என்று எடுத்திருந்தது. இரண்டாவது செட்டில் காட்டோ இணை 3-1 என முன்னிலையில் இருந்தது. அந்த இடத்தில் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கவே இல்லை.

ஒரு புள்ளி முடிந்து அடுத்த புள்ளி தொடங்குவதற்குள் காட்டோ கையிலிருந்த பந்தை ராக்கெட்டால் தட்டி எதிர்முனைக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் பந்து எடுத்துத் தரும் சிறுமி தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். அவள் பார்வை காட்டோ பக்கம் இல்லை. பந்து தரையில் குத்தாமல் நேராகப் போய் அவள் கழுத்துப் பகுதியில் பட்டது. சிறுமி அழத் தொடங்கினாள். முதலில் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. சில நிமிடங்களில் அது தகுதிநீக்கமாக மாறியது. காட்டோ அந்தப் பிரிவில் ஈட்டிய பரிசுப் பணத்தையும் தரவரிசைப் புள்ளிகளையும் இழந்தார், மேலே அபராதமும் கட்டினார்.

அந்தப் பந்து பட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோபத்தில் அடித்ததல்ல என்பதிலும் பெரிய சர்ச்சை இல்லை. ஆக, ஆராய வேண்டியது இதுதான்: ஒரே செயலுக்கு முதலில் மிகக் குறைந்த தண்டனையும் பிறகு மிக உயர்ந்த தண்டனையும் எப்படி வந்தன? இடையில் மாறியது என்ன?

யாருக்கு என்ன அதிகாரம்

டென்னிஸில் நாற்காலி நடுவர் ஆட்டத்தை நடத்துபவர். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது போன்ற உண்மைக் கேள்விகளில் அவர் சொல்வதே முடிவு. நடத்தை மீறலுக்கும் அவர் தண்டனை அறிவிக்கலாம், ஆனால் ஏணிப்படி முறையில் மட்டும். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, இரண்டாவதுக்கு ஒரு புள்ளி இழப்பு, மூன்றாவதுக்கும் அதன் பிறகான ஒவ்வொன்றுக்கும் ஒரு கேம் இழப்பு. அதைத் தாண்டி ஒருவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் அதிகாரம் அவரிடம் கிடையாது.

அந்த அதிகாரம் தொடர் முழுவதற்கும் பொறுப்பான தலைமை அதிகாரி ரெஃப்ரியிடம் இருக்கிறது. கிராண்ட் ஸ்லாம் தொடர்களில் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன்) ரெஃப்ரி, கிராண்ட் ஸ்லாம் மேற்பார்வையாளரோடு கலந்து பேசி, ஏணிப்படிகளைத் தாண்டி ஒரே மீறலுக்கு உடனடித் தகுதிநீக்கம் தரலாம். அந்த முடிவு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது என்று விதியே சொல்லிவிடுகிறது. அன்று 14-ஆம் ஆடுகளத்துக்கு வந்தவர்கள் இந்த இருவரும்தான்: தொடரின் ரெஃப்ரி ரெமி அசெமார், மேற்பார்வையாளர் வெய்ன் மெக்யூவன்.

எனவே நடுவர் முதலில் எச்சரிக்கை கொடுத்ததை அவருடைய இரக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தனியாக நின்று தரக்கூடியது அவ்வளவுதான். வேறு வழி ஒன்று இருந்தது. எதையும் அறிவிக்காமல் ரெஃப்ரியை அழைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் எச்சரிக்கையை அறிவித்ததுதான் பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் முதல் முடிச்சு. அதற்கு மீண்டும் வருவோம்.

‘பந்தைத் தவறாகப் பயன்படுத்துதல்’ என்ற மீறலை கிராண்ட் ஸ்லாம் விதிப்புத்தகம் மூன்று விதமாக விளக்குகிறது. வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ பந்தை ஆடுகள வளாகத்துக்கு வெளியே அடிப்பது. ஆடுகளத்துக்குள் ஆபத்தாகவோ கண்மூடித்தனமாகவோ அடிப்பது. விளைவைப் பற்றிக் கவலை இல்லாமல் அலட்சியமாக அடிப்பது. புள்ளி ஆடும்போது பந்து யார் மேல் பட்டாலும் இது பொருந்தாது. புள்ளிக்கு வெளியே அடித்த பந்துக்குத்தான் இந்த விதி.

மூன்றாவது விளக்கத்தைக் கவனியுங்கள். கோபம் வேண்டாம், உள்நோக்கம் வேண்டாம், அலட்சியம் போதும். “வேண்டுமென்று செய்யவில்லையே” என்ற வாதம், காட்டோவுக்கு ஆதரவாக இணையத்தில் ஆயிரம் முறை சொல்லப்பட்ட வாதம், விதியின் முன் பாதி பலம்தான். ஆனால் அதே விதியில் ‘காயம்’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். பந்து யார் மீதாவது பட்டதா, அழுதார்களா, ரத்தம் வந்ததா என்பதை வைத்து மீறல் வரையறுக்கப்படவில்லை. அடித்த விதத்தை வைத்தே வரையறுக்கப்பட்டிருக்கிறது. விதி அளப்பது அடியை. அன்று அளக்கப்பட்டது அழுகை.

எச்சரிக்கைக்கும் தகுதிநீக்கத்துக்கும் நடுவில்

பந்து சிறுமி மேல் பட்ட கணத்தை நடுவர் தெளிவாகப் பார்க்கவில்லை என்பது பௌஸ்கோவா பிறகு சொன்ன விவரத்திலிருந்து தெரிகிறது. இது வியப்பில்லை. புள்ளி முடிந்ததும் நடுவரின் கண் கையிலுள்ள கணினிப் பலகைக்குப் போகும். ஸ்கோரைப் பதிவு செய்ய வேண்டும், அறிவிக்க வேண்டும், சர்வ் போடும் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். பெரும்பாலான பந்து விபத்துகள் நடப்பது சரியாக இந்த மூன்று நான்கு வினாடிகளில்தான். ஆட்டக்காரரின் கவனமும் தளர்ந்திருக்கும், பந்து எடுப்பவர்கள் இடம் மாறிக்கொண்டிருப்பார்கள், நடுவர் குனிந்திருப்பார்.

காட்டோ உடனே மன்னிப்புக் கேட்டார். நடுவர் எச்சரிக்கை அறிவித்தார். அதன் பிறகு பௌஸ்கோவாவும் சொரிபெஸ் தோர்மோவும் நடுவரிடம் போனார்கள். ஒளிபரப்பில் பதிவான பேச்சின்படி, காட்டோ வேண்டுமென்று செய்யவில்லை என்று நடுவர் சொல்ல, அந்தப் பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்று ஒருவர் சுட்டிக்காட்ட, ரத்தம் வருகிறது என்று மற்றவர் சேர்த்தார். ரெஃப்ரியும் மேற்பார்வையாளரும் அழைக்கப்பட்டனர். அவர்கள் வந்து பேசும்போதும் சிறுமியின் அழுகை நிற்கவில்லை. கால் மணி நேரம் போல அழுதாள் என்பது பௌஸ்கோவாவின் கணக்கு. கடைசியில் தகுதிநீக்கம்.

இந்த வரிசையில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, அறிவித்த தண்டனையை அதே செயலுக்காக உயர்த்தியது. ரெஃப்ரிக்கு அந்த அதிகாரம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் காட்டோ இணையின் கண்ணிலிருந்து பாருங்கள். நடுவர் தீர்ப்புச் சொல்லியாயிற்று, ஆட்டம் தொடரப் போகிறது. எதிரணி போய்ப் பேசுகிறது. தீர்ப்பு மாறுகிறது. உள்ளே என்ன காரணம் இருந்தாலும் வெளியே தெரிவது இதுதான்: எதிரணி கேட்டதால் மாறியது. தீர்ப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது பிறந்த வழியும் சரியாகத் தெரிய வேண்டும். எச்சரிக்கையை அறிவிக்காமல் ஆட்டத்தை நிறுத்தி ரெஃப்ரியை அழைத்திருந்தால், இதே தகுதிநீக்கமே வந்திருந்தாலும் இத்தனை கசப்பு வந்திருக்காது.

இரண்டாவது, சாட்சி. அந்த ஆண்டு ரோலண்ட் காரோஸில், பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துச் சொல்லும் கோட்டு நடுவர்கள் இருந்தார்கள். பின்கோட்டுக்கு அருகே நிற்பவர்கள் நேர்ப்பார்வையில் எல்லாவற்றையும் காண்பவர்கள், ஆட்டத்தின் முடிவில் எந்த லாபமும் இல்லாதவர்கள். இதுபோன்ற விசாரணையில் முதல் கேள்வி அவர்களுக்குப் போக வேண்டும். அடுத்து மற்ற பந்து எடுப்பவர்களுக்கு. எதிரணி ஆட்டக்காரர்கள் கடைசி. அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக அல்ல. முதல் செட்டை வென்று, இரண்டாவது செட்டில் 1-3 எனப் பின்தங்கியிருக்கும் ஒரு இணைக்கு ஆட்டம் இப்போதே முடிந்தால் கால் இறுதி. அப்படி ஒரு இடத்தில் நிற்பவர்களின் சொல்லை மட்டும் வைத்துத் தராசைப் பிடிக்கக் கூடாது. ஒளிபரப்பில் உலகமே திரும்பத் திரும்பப் பார்த்த காட்சியை ஆடுகளத்தில் முடிவெடுத்தவர்கள் பார்க்கவில்லை. அன்றைய நடைமுறையில் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்க இடமில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாமல் ஒரு வாழ்க்கைத் தொழிலின் மீது தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பது அதிகாரிகள் பக்கமும் பரிதாபம்தான்.

மூன்றாவது, அழுகையை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. பதின்வயதுச் சிறுமி, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், தன் வாழ்நாளின் பெரிய மேடையில் அடிபடுகிறாள். வலி ஐந்து நிமிடத்தில் போயிருந்தாலும் அதிர்ச்சியும் கூச்சமும் போக நேரமாகும். எல்லோரும் தன்னைச் சுற்றி நின்று தன்னைப் பற்றியே பேசும்போது எந்தக் குழந்தையும் இன்னும் அழும். அவளை உடனே அழைத்துப் போய், வேறு ஒருவரை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். அவள் நலனுக்கும் அதுவே நல்லது, விசாரணைக்கும் அதுவே நல்லது.

எதிரணி ஆட்டக்காரர்கள் மேல் சமூக ஊடகங்களில் வசை மழை பொழிந்தது. அது இடம் மாறி விழுந்த கோபம். அடிபட்ட குழந்தையைப் பாருங்கள் என்று நடுவரிடம் சொல்ல எந்த ஆட்டக்காரருக்கும் உரிமை உண்டு. கேட்பவர் கேட்பார். எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை தருவது என்பது முடிவெடுப்பவர் வேலை.

அடி எவ்வளவு பலமானது

டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர். உள்ளே ரப்பர், மேலே கம்பளித் துணி. தொட்டால் மென்மை. ஆனால் ராக்கெட்டின் நரம்பில் பட்டுக் கிளம்பும்போது கதை வேறு. எடுத்துக்காட்டுக்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது சோம்பலான தட்டு. வினாடிக்கு சுமார் 16.7 மீட்டர். ஆடுகளத்தின் மொத்த நீளம் 23.77 மீட்டர், அதில் 20 மீட்டரை ஏறக்குறைய 1.2 வினாடியில் கடந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நகர அந்த நேரம் தாராளம். பார்க்காதவருக்கு ஒரு வினாடியும் ஒன்றுதான், பத்து வினாடியும் ஒன்றுதான்.

தரையில் ஒருமுறை குத்தினால் நிலைமை மாறிவிடும். களிமண் தரை பந்தின் வேகத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். குத்தும் ஓசை எச்சரிக்கை மணியாகவும் ஆகும். அதனால்தான் அதிகாரிகள் ‘குத்தாமல் நேரே போனது’ என்பதைப் பெரிதாக எடுத்தார்கள். இந்த ஒரு புள்ளியில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பார்க்காத ஒருவர் இருக்கும் திசையில், தலை உயரத்தில், குத்தாமல் பந்தை அனுப்புவது அலட்சியம் என்ற சொல்லுக்குள் வராது என்று வாதிடுவது கடினம். ஆக, மீறல் நடந்தது. எச்சரிக்கை சரி. அதைத் தாண்டித் தகுதிநீக்கம் வரை போனது சரியா என்பதற்கு மற்ற வழக்குகளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே வாரம், அதே வளாகம்

முந்தைய நாளே ஒன்று இருக்கிறது. ஜூன் 3, மகளிர் ஒற்றையர் மூன்றாம் சுற்று. 16 வயது மிர்ரா ஆண்ட்ரீவா, கோகோ காஃபுக்கு எதிராக ஆடும்போது ஒரு புள்ளியை இழந்த எரிச்சலில் பந்தைப் பார்வையாளர் பக்கம் அடித்தார். கோபம் வெளிப்படை, கூட்டம் நிறைந்த இடம், யார் மேல் படும் என்று அவருக்கே தெரியாது. கிடைத்தது எச்சரிக்கை. ஆட்டம் தொடர்ந்தது.

முந்தைய ஆண்டு, 2022, அதே ரோலண்ட் காரோஸ். ருமேனியாவின் இரினா பேகு ஆத்திரத்தில் ராக்கெட்டைத் தரையில் வீச, அது எகிறிப் பார்வையாளர் பகுதிக்குள் போனது. அங்கே ஒரு சிறு குழந்தை பயந்து அழுதது. மேற்பார்வையாளர் வந்தார், விசாரித்தார். தகுதிநீக்கம் இல்லை. பேகு அந்த ஆட்டத்தை வென்றார், குழந்தையோடு படமெடுத்துக்கொண்டார், பிறகு 10,000 டாலர் அபராதம் கட்டினார்.

விதி சொல்லும் அளவுகோலில், அதாவது அடித்த விதத்தில், இந்த மூன்றில் எது மோசம்? கோபத்தோடு கூட்டத்துக்குள் போன பந்தும் ராக்கெட்டும் காட்டோவின் பந்தைவிட மோசம் என்பதே என் எடைபோடல். தண்டனையோ தலைகீழாக வந்தது. கோபப்பட்டவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, பெரிதாக யாருக்கும் அடிபடவில்லை. காட்டோவுக்கு அது இல்லை. அதிர்ஷ்டத்தை வைத்துத் தண்டனை தருவது என்று முடிவு செய்துவிட்டால் அதையும் விதியில் எழுதிவிடலாமே. ‘பட்டால் வெளியே, படாவிட்டால் எச்சரிக்கை’ என்று எழுதியிருந்தால் ஒருவரும் வாதாடப் போவதில்லை.

தகுதிநீக்கம் கிடைத்த பழைய வழக்குகளிலும் காட்டோ வழக்கு ஒட்டாமல்தான் நிற்கிறது. 2017 பிப்ரவரியில் ஒட்டாவாவில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் டெனிஸ் ஷபோவலோவ் சர்வை இழந்த ஆத்திரத்தில் அடித்த பந்து நாற்காலி நடுவரின் கண்ணில் பட்டது. 2020 அமெரிக்க ஓபனில் நோவக் ஜோகோவிச், சர்வை இழந்து 5-6 என்ற நிலையில், பின்பக்கம் பார்க்காமல் தட்டிவிட்ட பந்து கோட்டு நடுவரின் தொண்டையில் பட்டது. இரண்டிலும் எரிச்சல் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டிலும் பந்தை அனுப்ப எந்தத் தேவையும் இருக்கவில்லை. காட்டோ வழக்கில் பந்தை எதிர்முனைக்கு அனுப்புவது வழக்கமான வேலை, ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை நடப்பது. அனுப்பிய விதம் தவறு.

இணைக்கும் சேர்த்துத் தண்டனை

ஒற்றையரில் தவறு செய்தவர் வெளியேறுகிறார், கணக்கு முடிந்தது. இரட்டையரில் நடத்தை மீறலின் தண்டனை அணியின் மேல் விழும். எச்சரிக்கை என்றால் இருவருக்கும் பொதுவான ஏணியில் ஒரு படி. தகுதிநீக்கம் என்றால் இருவரும் வெளியே. பந்தைத் தொடாத சுட்ஜியாடியும் ராக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இருவரும் அந்த ஆண்டு ஜனவரியில் ஆக்லாந்தில் சேர்ந்து பட்டம் வென்றவர்கள். கிராண்ட் ஸ்லாம் கால் இறுதிக்கு இன்னும் ஒன்றரை செட் தொலைவில் இருந்தார்கள்.

இதற்கு முன்மாதிரி 1995 விம்பிள்டனில் இருக்கிறது. 20 வயது டிம் ஹென்மன், ஜெரமி பேட்ஸோடு சேர்ந்து ஆண்கள் இரட்டையர் ஆடினார். ஒரு புள்ளியை இழந்த கோபத்தில் அவர் அடித்த பந்து குறுக்கே ஓடிவந்த சிறுமியின் தலைப்பக்கம் பட்டது. தகுதிநீக்கம். பேட்ஸும் சேர்ந்து போனார். மறுநாள் ஹென்மன் பூங்கொத்தோடு போய் அந்தச் சிறுமியைப் பார்த்தார். (ஒரு சுவையான உபகதை: அந்த ஆட்டத்தில் எதிரே இருந்து பலன் பெற்றவர்களில் ஒருவர் ஜெஃப் டராங்கோ. சில நாள் கழித்து அதே விம்பிள்டனில் ஒற்றையர் ஆட்டத்தின் நடுவே நடுவரோடு சண்டையிட்டு வெளிநடப்புச் செய்து அவரும் தகுதிநீக்கம் ஆனார்.)

இரட்டையர் ஆட்டக்காரர்களுக்கு இதில் பணமும் பெரிய விஷயம். ஒற்றையரில் முன்னணியில் இருப்பவருக்கு ஒரு சுற்றின் பரிசு போனால் வருத்தம், அவ்வளவுதான். இரட்டையரை மட்டும் நம்பி ஊர் ஊராகப் பயணம் செய்பவருக்கு கிராண்ட் ஸ்லாம் ஒரு சுற்று என்பது பல வாரப் பயணச் செலவு. காட்டோ இழந்தது 21,500 யூரோ. மூன்றாம் சுற்றில் தோற்கும் இணைக்கு உரிய தொகையில் அவருடைய பங்கு அது. அதோடு அபராதமும். ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி அந்த செட்டை 3-6 என்று தோற்றிருந்தால்கூட அந்தப் பணமும், கால் இறுதியைத் தொடாமல் மூன்றாம் சுற்றில் வெளியேறுபவருக்கான 240 தரவரிசைப் புள்ளிகளும் கையில் இருந்திருக்கும். முதல் இரண்டு சுற்றுகளில் நேர்மையாக ஆடி ஈட்டியதும் சேர்ந்தே போனது. தகுதிநீக்கம் ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை, அந்தத் தொடரில் அந்தப் பிரிவின் கணக்கையே முழுதாக அழிக்கிறது.

தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்கள் சங்கம் தண்டனை அளவுக்கு மீறியது என்று அறிக்கை விட்டது. சக ஆட்டக்காரர்கள் பலர் காட்டோவுக்கு ஆதரவாக எழுதினார்கள். காட்டோ செய்தியாளர் சந்திப்பில் அழுதபடி எழுந்து போனார். சிறுமியிடமும் சுட்ஜியாடியிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

பந்தை எதிர்முனைக்கு எப்படி அனுப்புவது

பயிற்சியகங்களில் சர்வ் கற்றுத்தருவார்கள், வாலி (பந்து தரையில் குத்துமுன் அடிப்பது) கற்றுத்தருவார்கள். இதை யாரும் கற்றுத்தருவதில்லை. ஆனால் ஆட்டத்தில் அதிகம் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

தொழில்முறை ஆட்டத்தில் பொதுவாக ஆறு பந்துகள் சுற்றில் இருக்கும். முதல் ஏழு கேம்களுக்குப் பிறகும், அதன் பின் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் புதிய பந்துகள் வரும். பெரிய ஆடுகளங்களில் ஆறு பேர் பந்து எடுப்பார்கள், வலைக்கு இருவர், இரு முனைகளிலும் இருவர் இருவராக நால்வர். அவர்கள் வேலையே பந்தைத் தரையோடு உருட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சேர்ப்பது. அதாவது ஆட்டக்காரர் பந்தை எதிர்முனைக்கு அடித்து அனுப்பத் தேவையே இல்லை. அருகில் நிற்பவரிடம் கொடுத்தால் போதும், அல்லது வலை பக்கம் மெதுவாக உருட்டிவிட்டால் போதும். நேரம் மிச்சம் என்று நினைத்து ராக்கெட்டால் தட்டுவது பழக்கதோஷம்.

தட்டியே ஆக வேண்டும் என்றால், முதலில் கண். எதிரே வாங்குபவர் உங்களைப் பார்க்கும் வரை பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. பிறகு தரை. பந்து வலையைத் தாண்டியதும் ஒருமுறை குத்தி, இரண்டாவது குத்தில் வாங்குபவர் காலடிக்குப் போக வேண்டும். இடுப்புக்கு மேல் உயரத்தில் எதுவும் போகக் கூடாது. நகர்ந்துகொண்டிருப்பவரை நோக்கி அனுப்பவே கூடாது. நிற்பவருக்குப் பந்து எங்கே வரும் என்று தெரியும், நடப்பவருக்குத் தெரியாது. ஓசை அதிகமுள்ள ஆடுகளத்தில் ‘பந்து!’ என்று கத்துவதை நம்ப வேண்டாம், பக்கத்து ஆடுகளக் கைதட்டலில் அது கரைந்துவிடும்.

சிறுவர் சிறுமியரைப் பந்து எடுக்கப் பழக்குபவர்களும் ஒன்றைச் சொல்லித்தர வேண்டும். இடம் மாறும்போது ஆடுகளத்துக்கு முதுகு காட்டிப் போகக் கூடாது. பக்கவாட்டில் ஓட வேண்டும், முகம் ஆட்டக்காரர் பக்கம் இருக்க வேண்டும். புள்ளி முடிந்த அந்த மூன்று வினாடிதான் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவர்களுக்கு? அடிபட்டதாகத் தெரிந்ததும் ஆட்டத்தை நிறுத்து. நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்ப் பார். மருத்துவரையும் ரெஃப்ரியையும் ஒரே அழைப்பில் வரச் சொல். அவர்கள் வரும் வரை எந்தத் தண்டனையையும் ஒலிபெருக்கியில் அறிவிக்காதே. இரு அணிகளையும் அவரவர் இருக்கைக்கு அனுப்பு. கோட்டு நடுவரிடம் தனியாகக் கேள். மாவட்ட அளவு ஜூனியர் போட்டி நடத்துபவர்கள்கூட இதைத் தங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். அங்கே பந்து எடுப்பது பெரும்பாலும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் குழந்தைகள்தான், பயிற்சியும் கிடையாது.

அதற்குப் பிறகு அந்த வாரம்

தகுதிநீக்கம் ஆனவரை அதே தொடரின் மற்ற பிரிவுகளிலிருந்தும் நீக்க விதியில் இடமுண்டு. அது கட்டாயமில்லை, ரெஃப்ரி விருப்பம். காட்டோ விஷயத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. கலப்பு இரட்டையரில் ஜெர்மனியின் டிம் பியூட்ஸோடு அவர் தொடர்ந்து ஆடினார். செயல் உண்மையிலேயே ஆபத்தான நடத்தை என்று அதிகாரிகள் கருதியிருந்தால் இந்தக் கதவையும் மூடியிருப்பார்கள். மூடாமல் விட்டது, காட்டோவின் குணத்தைப் பற்றி அவர்களுக்கே சந்தேகமில்லை என்று காட்டுகிறது.

அரை இறுதியில் காட்டோ–பியூட்ஸ் இணைக்கு எதிரே வந்தவர்கள் நெதர்லாந்தின் மட்வே மிடில்கூப்பும், அல்டிலா சுட்ஜியாடியும். சில நாள் முன்பு ஒரே பக்கம் நின்று வெளியேறிய இருவர் வலைக்கு இருபுறமும் நின்றார்கள். காட்டோ பக்கம் வென்றது. ஜூன் 8, வியாழக்கிழமை இறுதி ஆட்டத்தில் கனடாவின் பியான்கா ஆண்ட்ரீஸ்கு, நியூசிலாந்தின் மைக்கேல் வீனஸ் இணையை 4-6, 6-4, கடைசி டை பிரேக்கரில் 10-6 என்று தோற்கடித்து காட்டோவும் பியூட்ஸும் கோப்பையைத் தூக்கினார்கள். ரோலண்ட் காரோஸ் கலப்பு இரட்டையரை முந்தைய ஆண்டு ஜப்பானின் எனா ஷிபஹாரா வென்றிருந்தார். அவருக்கு முன் ஜப்பானியப் பெண் ஒருவர் வென்றது 1997-இல். ரிகா ஹிராகி. அவரோடு ஆடியவர் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, இந்தியருக்குக் கிடைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் அது.

பரிசளிப்பில் காட்டோ எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துப் பேசினார். சிறுமி நலமாக இருப்பாள் என்று நம்புவதாகச் சொன்னார். தானும் சுட்ஜியாடியும் பௌஸ்கோவா–சொரிபெஸ் தோர்மோ இணையோடு ஒருநாள் மறுபடி ஆட வேண்டும் என்றார். பரிசுப் பணத்துக்கும் புள்ளிகளுக்கும் முறையிட்டிருப்பதையும் அதே மேடையில் அறிவித்தார்.

மகளிர் இரட்டையர் பட்டத்தை ஜூன் 11 அன்று தைவானின் சியே சு-வெய், சீனாவின் வாங் சின்யூ இணை வென்றது. லெய்லா ஃபெர்னாண்டஸ்–டெய்லர் டவுன்சென்ட் இணைக்கு எதிராக முதல் செட்டை 1-6 என்று இழந்து, 7-6, 6-1 என்று திரும்பி வந்தார்கள்.

கலப்பு இரட்டையர் வெற்றியாளர்களுக்குப் பரிசு 1,22,000 யூரோ. பாதி என்றாலும் 61,000, காட்டோ இழந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் கலப்பு இரட்டையருக்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது. கிராண்ட் ஸ்லாம் கோப்பையோடு பாரிஸிலிருந்து கிளம்பியவரின் இரட்டையர் தரவரிசைக் கணக்கில், பிரெஞ்சு ஓபன் 2023 என்ற வரிக்கு எதிரே அடுத்த 52 வாரத்துக்கும் பூஜ்யம்தான் இருந்தது.